வாடகைக்கு ஓடிய காரை வாங்கலாமா? விலை ஏன் குறைகிறது, ஆபத்து எங்கே இருக்கிறது

2024 ஜனவரியில் கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் தன்னிடமிருந்த மின்சாரக் கார்களில் சுமார் 20,000 கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. உலகம் முழுக்க அது வைத்திருந்த மின்சாரக் கார்களில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சில மாதங்களில் அந்த எண்ணிக்கை 30,000 ஆனது. ஒன்றிரண்டு வயதே ஆன டெஸ்லாக்கள் புதுக் காரைவிட வெகுவாகக் குறைந்த விலையில் வந்து நின்றபோது, பழைய கேள்வி ஒன்று மறுபடி கிளம்பியது: வாடகைக்கு விட்ட காரை நம்பி வாங்கலாமா?

இதற்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. "கண்டவனெல்லாம் ஓட்டின வண்டி, பக்கத்திலேயே போகாதே" என்பது ஒன்று. "கம்பெனி வண்டி, சர்வீஸ் தவறியிருக்காது, தைரியமாக வாங்கு" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஓட்டியவர்களைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. பயப்பட வேண்டிய வேறு இரண்டு விஷயங்களை யாரும் அதிகம் பேசுவதில்லை: பதிவில் வராத விபத்துப் பழுது, ஏற்கெனவே பாதி தீர்ந்துவிட்ட வாரண்டி.

## எதை வாடகைக் கார் என்கிறோம்?

விற்பனை விளம்பரத்தில் "முன்னாள் வாடகைக் கார்" என்று ஒரே பெயரில் வந்தாலும், உள்ளே நான்கு வேறு ரகங்கள் இருக்கின்றன.

1. பெரிய நிறுவனங்களின் கார்கள். ஹெர்ட்ஸ், என்டர்பிரைஸ், ஏவிஸ், சிக்ஸ்ட் போன்றவை. ஆயிரக்கணக்கில் வாங்கி, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு விட்டு, ஓரிரு ஆண்டுகளில் விற்றுவிடுவார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

2. மணிக்கணக்கில் பகிர்ந்து ஓட்டப்படும் கார்கள். ஒரே நாளில் ஐந்தாறு பேர் சின்னச் சின்ன தூரம் ஓட்டுவார்கள். எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் அணைக்கப்படும். தூரம் குறைவாகவே காட்டும், தேய்மானம் அதற்கு மேல் இருக்கும்.

3. தனிநபர் தன் சொந்தக் காரைச் செயலி வழியாக வாடகைக்கு விட்டது. இங்கே சர்வீஸ் அட்டவணையை யாரும் கண்காணித்திருக்க மாட்டார்கள். எல்லாம் உரிமையாளரின் மனசாட்சி.

4. டாக்சியாகவோ செயலி டாக்சியாகவோ ஓடியது. பார்வைக்கு வாடகைக் கார் போலத்தான் இருக்கும். ஆனால் ஓடிய தூரமும் ஓடிய விதமும் முற்றிலும் வேறு. ஒரு கார் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருந்தும் டாக்சி ஓட்டுநர்களுக்கு மாத வாடகைக்குப் போயிருக்கலாம். இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மேலே போகக் கூடாது.

முதல் ரகத்துக்குச் சொல்லும் நியாயம் எதுவும் மற்ற மூன்றுக்கும் தானாகப் பொருந்தாது.

## கம்பெனி ஏன் விற்கிறது?

பழைய கார் சந்தையின் அடிப்படைச் சிக்கல், விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதுதான். இப்படிப்பட்ட சந்தையில் நல்ல சரக்கு வைத்திருப்பவர்கள் மெல்ல விலகிவிட, மோசமான சரக்கே மிஞ்சும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இதை நம் கேள்வியில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஆசையாக வாங்கிய புதுக் காரை ஒன்றரை வருஷத்திலேயே விற்கிறார் என்றால், முதலில் மனதில் எழுவது "ஏன்?" என்பதுதான். வேலை மாறியிருக்கலாம், குடும்பம் பெரிதாகியிருக்கலாம். காரில் தீராத கோளாறு ஏதாவது இருக்கவும் இருக்கலாம். வாடகை நிறுவனத்திடம் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. நல்ல காரோ கெட்ட காரோ, நேரமும் கிலோமீட்டரும் வந்துவிட்டால் விற்றுவிடுவார்கள். விற்பதற்கான காரணம் காரில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. வாடகைக் காரின் மிகப் பெரிய சாதகம் இதுதான் என்பது என் கருத்து. ஒழுங்கான சர்வீஸ் எல்லாம் இதற்கு அடுத்துதான்.

ஆனால் நிறுவனத்தின் கார்கள் எல்லாம் ஒரே வழியில் வெளியே வருவதில்லை. கார் தயாரிப்பாளரே குறிப்பிட்ட விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்பந்தம் போட்ட கார்கள் உண்டு. அதற்குக் கிலோமீட்டர் வரம்பும் சேத வரம்பும் இருப்பதால், இவை பொதுவாக இளமையாகவும் சுத்தமாகவும் இருக்கும். அப்படி ஒப்பந்தம் இல்லாத கார்களை நிறுவனமே விற்று விலை பார்க்க வேண்டும். இவற்றில் பார்வைக்கு நன்றாக இருப்பவை நிறுவனத்தின் சொந்த விற்பனை மையத்துக்கும், அடிபட்டவையும் அதிகம் ஓடியவையும் ஏலத்துக்கும் போவது வழக்கம். ஏலத்தில் எடுத்த வியாபாரி மெருகேற்றி, வேறு கார்களோடு வேறு காராக நிறுத்தி வைப்பார். ஆகவே, கம்பெனி மையத்தில் நிற்கும் காரும் மூன்றாம் கை வியாபாரியிடம் நிற்கும் காரும் ஒரே மாடலாக, ஒரே வயதாக இருந்தாலும் சமமில்லை. முதல் வடிகட்டலிலேயே பிரிந்துவிட்டவை அவை.

எந்த ஆண்டில் வாடகைக்கு ஓடியது என்பதும் முக்கியம். பெருந்தொற்றில் பயணம் நின்றுபோக, 2020 மே மாதம் ஹெர்ட்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியது. கார்கள் மொத்தமாகக் கைமாறின. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் வராததால், வாடகை நிறுவனங்கள் கையிலிருந்த கார்களை வழக்கத்தைவிட நீண்ட காலம் ஓட்டின. ஏலத்தில் பழைய கார்களைக்கூட வாங்கின. அந்தக் காலத்தில் ஓடிய கார் என்றால், "ஓரிரு ஆண்டில் விற்றுவிடுவார்கள்" என்ற பொது விதியை அப்படியே நம்ப வேண்டாம். தேதிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## "கண்டபடி ஓட்டியிருப்பார்களே?"

சரி, எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இது. நம்முடையது அல்லாத வண்டியை நாம் எப்படி ஓட்டுவோம் என்று நமக்கே தெரியும் என்பதால் வரும் பயம் என்றும் சொல்லலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் படம் கொஞ்சம் மாறும். விமான நிலையத்தில் இறங்கி வேலையாகப் போகிறவர்கள், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள், சொந்தக் கார் பட்டறையில் கிடப்பதால் மாற்று வண்டி எடுத்தவர்கள். சேதமானால் தன் முன்பணமும், காப்பீடு தராமல் தானே கட்ட வேண்டிய பங்கும் போகும் என்ற பயம் இவர்களுக்கு உண்டு. சாதாரணக் குடும்பக் காரை ரேஸ் கார் போல விரட்டுகிறவர் இருக்கத்தான் செய்வார், ஆனால் அவர் விதிவிலக்கு. ஸ்போர்ட்ஸ் கார், பெரிய எஞ்சின் கொண்ட வண்டி என்றால் கதை வேறு. அதை வாடகைக்கு எடுப்பதே விரட்டத்தான். அந்த ரகத்தைத் தவிர்ப்பது நல்லது.

இயந்திரத்தின் பக்கம் பார்த்தால், இன்றைய எஞ்சின் ஒரு வரம்புக்கு மேல் சுழலக் கட்டுப்பாட்டுக் கணினி விடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தவறான கியரை ஏற்காது. எஞ்சினை உண்மையில் தேய்ப்பது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அழுத்தி ஓட்டுவதும், எண்ணெய் மாற்றாமல் விடுவதும்தான். முதலாவது சொந்தக்காரரும் தினமும் காலையில் செய்வதே. இரண்டாவது பெரிய நிறுவனத்தில் அபூர்வம், ஏனென்றால் பழுதாகி நிற்கும் கார் வாடகை ஈட்டாது. இதோடு, வெளியூர்ப் பயணத்தில் சீரான வேகத்தில் ஓடிய 40,000 கிலோமீட்டர், நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய 20,000 கிலோமீட்டரைவிட எஞ்சினுக்கு மிருதுவானது.

தேய்வது வேறு இடங்களில். பிரேக் பேடும் டிஸ்கும். நடைபாதை விளிம்பில் உரசிய அலாய் வீல். பள்ளத்தில் வேகம் குறைக்காமல் இறக்கியதால் அடிவாங்கிய சஸ்பென்ஷன் புஷ். டிக்கியின் உதட்டில், பெட்டிகளை இழுத்து ஏற்றி இறக்கியதில் விழுந்த கீறல்கள். மேனுவல் கியர் என்றால் கிளட்ச்; பழகாத கால்கள் பல அதை மிதித்திருக்கும். எல்லாமே கண்ணால் பார்க்கவோ ஓட்டிப் பார்த்து உணரவோ கூடியவை, மாற்றவும் கூடியவை. ஒரு காரை நிராகரிக்க இவை காரணமாகாது. விலையில் கழித்துக்கொள்ள வேண்டிய செலவு, அவ்வளவுதான்.

## பதிவில் வராத பழுது

இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு தனிநபர் காரை இடித்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவார். அங்கே ஒரு பதிவு உருவாகும். காவல்துறை, பட்டறை என்று வேறு பதிவுகளும் சேரும். அமெரிக்காவில் கார்ஃபாக்ஸ், ஆட்டோசெக் போன்ற வரலாற்று அறிக்கைகள் இந்தப் பதிவுகளைத் திரட்டித்தான் தயாராகின்றன. பல பெரிய வாடகை நிறுவனங்களோ தங்கள் கார்களின் சேதத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான கார்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் முழுப் பிரீமியம் கட்டுவதைவிட, சேதத்தைத் தன் கையிலிருந்து செலவழித்துச் சரிசெய்வது மலிவு. வாடிக்கையாளரிடம் சேதத் தொகை வசூலித்துவிட்டு, ஒப்பந்தப் பட்டறையில் பம்பரை மாற்றி, இரண்டே நாளில் காரை மறுபடி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். காப்பீட்டுக் கோரிக்கை எதுவும் எழாததால் வரலாற்று அறிக்கையில் ஒரு வரிகூட வராது.

எனவே வாடகைக் காருக்குச் "சுத்தமான அறிக்கை" என்பது, தனிநபர் காருக்கு அதே அறிக்கை தரும் நம்பிக்கையைத் தராது. அறிக்கையில் விபத்து இருந்தால் அது உண்மை. இல்லையென்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டறை வேலையைக் காரே காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலை பெயிண்டின் தடிமன் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். கையடக்கப் பெயிண்ட் அளவியை வைத்துக் கதவு, ஃபெண்டர், கூரை என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் 120, 125, 118 என்று வந்துகொண்டிருந்தது, வலது பின்கதவில் மட்டும் 340 என்று குதித்தால் அங்கே மறுபெயிண்ட் நடந்திருக்கிறது. 800, 1,000 என்று ஏறினால் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண அளவி அதில் வேலை செய்யாது. அங்கே இடைவெளிகளைப் பார்க்க வேண்டும்: ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் இடையே இடது பக்கம் மெல்லிய கோடு, வலது பக்கம் விரல் நகம் நுழைகிற அகலம் என்றால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பானெட்டைத் தூக்கி, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பானர் பட்டால் பெயிண்ட் பெயர்ந்திருக்கும்.

மறுபெயிண்ட் செய்த ஒரு கதவு பெரிய குறையல்ல. ஆனால் இன்றைய கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடாரும், முன்கண்ணாடியில் கேமராவும் இருக்கின்றன. தானாகப் பிரேக் போடுவதும் தடம் மாறாமல் பிடித்து வைப்பதும் இவற்றை நம்பித்தான். கண்ணாடி மாற்றினாலோ பம்பரைக் கழற்றினாலோ பல மாடல்களில் இவற்றை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அவசரத்தில் சரிசெய்த காரில் அது விடுபட்டிருந்தால், பார்வைக்கு எதுவும் தெரியாது, பிரேக் தேவைப்படும் நாளில்தான் தெரியும். முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தயாரிப்பாளர் முத்திரை மற்றக் கண்ணாடிகளின் முத்திரையோடு ஒத்துப்போகவில்லை என்றால், அளவுதிருத்தம் செய்த ரசீதைக் கேளுங்கள்.

ரீகால், அதாவது குறையுள்ள கார்களைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே திரும்ப அழைக்கும் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யப்படாத ஒரு வாடகைக் காரில் 2004இல் கலிஃபோர்னியாவில் இரண்டு சகோதரிகள் இறந்தார்கள். அவர்கள் பெயரில் அமெரிக்காவில் 2015இல் ஒரு சட்டம் நிறைவேறி 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 35க்கும் மேற்பட்ட கார்கள் வைத்திருக்கும் வாடகை நிறுவனம், ரீகால் நிலுவையில் உள்ள காரைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது என்பது அதன் சாரம். எந்த நாடானாலும், சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு நிலுவை ரீகால் உண்டா என்று நீங்களே பார்த்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

## வாரண்டி உங்களுக்காகக் காத்திருப்பதில்லை

தயாரிப்பாளரின் வாரண்டி, கார் முதன்முதலில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீட்டர் வாரண்டி என்று வைத்துக்கொள்வோம். 18 மாதம் ஆகி 50,000 கிலோமீட்டர் ஓடிய வாடகைக் காரில், வருஷக் கணக்கில் பாதி மிச்சம் இருப்பது போலத் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் இன்னும் 10,000தான். சாதாரணமாக ஓட்டினால் ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும்.

அப்புறம், வணிகப் பயன்பாட்டில் இருந்த வண்டிக்குச் சில தயாரிப்பாளர்கள் தனி விதி வைத்திருக்கிறார்கள். நீட்டிப்பு வாரண்டி விற்பவர்களில் சிலர் முன்னாள் வாடகைக் காரை ஏற்பதில்லை. விற்பனையாளர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, சேசிஸ் எண்ணோடு அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

## விலைக் கணக்கு

வாடகைப் பின்னணிக்காக இப்போது உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, நாளை நீங்கள் விற்கும்போது அடுத்தவருக்கு நீங்கள் தர வேண்டிய தள்ளுபடியும் ஆகும். பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

விளக்கத்துக்காகச் சில எண்கள். புதுக் காரின் விலை 100 என்போம். ஒன்றரை வருஷம் ஆன தனிநபர் கார் 78க்கும், அதே வயது வாடகைக் கார் 73க்கும் கிடைக்கிறது. கையில் 5 மிச்சம். நான்கு வருஷம் கழித்து விற்கும்போது தனிநபர் கார் 45க்குப் போகும், வாடகை முத்திரை உள்ளது 42க்குத்தான் போகும். மிச்சம் 2 ஆகிறது. நான்கு டயரும் பிரேக் பேடும் மாற்ற 3 செலவானால் 1 நஷ்டம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும்.

1. தள்ளுபடி சின்னதாக இருந்தால் வாடகைக் காரை வாங்க அர்த்தமே இல்லை. நிறுவன மையங்களில் "பேரம் இல்லாத ஒரே விலை" என்று போட்டிருப்பார்கள். அதை அதே மாடல், அதே கிலோமீட்டர் தனிநபர் காரோடு ஒப்பிட வேண்டும். புது விலையோடு ஒப்பிட்டால் எந்தப் பழைய காரும் மலிவாகத்தான் தெரியும்.

2. எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பத்து வயதான காரை வாங்க வருகிறவர், அது முதல் இரண்டு வருஷம் எங்கே ஓடியது என்பதைவிட இன்று எப்படி ஓடுகிறது என்றுதான் பார்ப்பார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிறவருக்கு இது சரிப்படாது.

ஒரு சின்ன விஷயமும் உண்டு. மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அடிப்படை மாடலையே எடுக்கும். உயர்ந்த மாடலின் விலையைப் பக்கத்தில் வைத்துத் தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

## மின்சாரக் கார் என்றால்

ஹெர்ட்ஸ் விற்றதற்குச் சொன்ன காரணங்களில் இடிபட்ட காரைச் சரிசெய்யும் செலவு முக்கியமானது. 2023இல் டெஸ்லா புதுக் காரின் விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்ததும் கையிருப்பின் மதிப்பைச் சரித்தது. இரண்டிலும் பேட்டரி கெட்டுப்போனது என்ற பேச்சே இல்லை. வாங்குபவருக்கு இது நல்ல சேதி. ஆனால் சரிசெய்யும் செலவு இனி உங்களுடையது என்பதும் இதிலேயே இருக்கிறது. காப்பீட்டுப் பிரீமியத்தை முதலில் விசாரித்துவிடுங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, வாடகைக் கார் அடிக்கடி வேகச் சார்ஜில் ஏறியிருக்கும், முழுச் சார்ஜோடு வரிசையில் நின்றிருக்கும். இரண்டுமே லித்தியம் பேட்டரிக்கு உகந்தவை அல்ல. அதனால் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை அளந்து தரச் சொல்லுங்கள். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு மட்டும் 8 ஆண்டு, 160,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற அளவில் தனி வாரண்டி தருகிறார்கள். பெட்ரோல் காரின் பொது வாரண்டி தீர்ந்துபோகும் வயதிலும் இது பெரும்பகுதி மிச்சம் இருக்கும். வாடகைக் கார்களில் மின்சாரக் காருக்கு இந்த ஒரு விஷயத்தில் பெட்ரோல் காரைவிட நிலைமை மேல்.

## கையெழுத்துப் போடும் முன்

மேலே சொன்ன பெயிண்ட், ரீகால், வாரண்டி மூன்றும் முடிந்ததும் மிச்சமிருப்பவை இவை.

1. காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பது போதாது. பிழைக் குறியீட்டை யாராவது அழித்திருந்தால், காரின் சுய பரிசோதனைகளும் அதோடு அழிந்து, திரையில் "இன்னும் நிறைவடையவில்லை" என்று வரிசையாக நிற்கும். "அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு வரியும் பல கருவிகளில் வரும். 50,000 ஓடிய காரில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்று எதை அழித்தீர்கள் என்று கேட்கலாம்.

2. டயர்களைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 2323 என்றால் 2023இன் 23ஆம் வாரம். நான்கில் ஒன்று மட்டும் புதிதாகவோ வேறு கம்பெனியாகவோ இருந்தால் அந்த மூலையில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தப் பக்கச் சஸ்பென்ஷனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. சொந்த மெக்கானிக்கிடம் காட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் சில நாள் வைத்து ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரவும் விடுகின்றன. அந்த நாட்களை ஊர் சுற்றச் செலவழிக்காமல் பட்டறைக்குப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

4. சாவி. வாடகை நிறுவனங்கள் இரண்டு சாவியையும் பிரிக்க முடியாத கம்பியில் கோத்து வைப்பது உண்டு. விற்கும்போது ஒன்றுதான் வந்து சேரும் சமயங்களும் உண்டு. இன்றைய ஸ்மார்ட் சாவி புதிதாகப் போடுவது மலிவல்ல. ஸ்டெப்னி, ஜாக்கி, சார்ஜ் கேபிள் எல்லாம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. காரின் நினைவகம். திரையில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தால் முந்தைய வாடகையாளர்களின் கைபேசிப் பெயர்கள் வரிசையாக வரும், சில நேரம் அவர்கள் தொடர்பு எண்களோடு. அதைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடுங்கள். அதைவிட முக்கியம், தயாரிப்பாளரின் செயலியில் கார் இன்னும் யார் கணக்கில் இருக்கிறது என்பது. நிறுவனத்தின் கணக்கு நீக்கப்படாவிட்டால், கார் நிற்கும் இடத்தை அவர்களால் தொடர்ந்து பார்க்க முடியும். சில மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும். கூடுதலாகப் பொருத்திய ஜிபிஎஸ் கருவி இருந்தால் கழற்றித்தரச் சொல்லுங்கள். பணம் முழுவதையும் கட்டும் முன்பே, அவர்கள் எதிரிலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள்.